நத்தை மேடம்

நத்தையின் தலையில் கீழே இரண்டு குட்டைக் கொம்பும் மேலே இரண்டு நீளக் கொம்பும் இருக்கும். நீளக் கொம்பின் நுனியில் கடுகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. அதுதான் அதற்குக் கண். விரலைப் பக்கத்தில் கொண்டுபோனால், சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்துக்கொள்வதுபோல அந்தக் கண் கொம்புக்குள்ளேயே சுருண்டு மறைந்துவிடும். பிறகு வெகு நேரம் யோசித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மேடம் ஈர விரலை நீட்டியபடி அதற்காகக் காத்திருப்பார். மணி அடித்திருக்கும், வகுப்புக்கு நேரமாகியிருக்கும், பிள்ளைகள் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். "வரட்டும் அண்ணே, பயந்திருக்கு" என்பார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். மேடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காத்திருப்புதான். ஒரு மனுஷி தன் வாழ்க்கையில் எவ்வளவு காத்திருக்க முடியும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அலுப்பாகத்தான் வருகிறது. அவருக்கு வந்ததா என்று தெரியாது.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ஒரு கல்லூரி. அங்கே விலங்கியல் துறையில் நான் அட்டெண்டராக இருந்தேன். எட்டாவதுக்கு மேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை. காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் காட்டிவிட்டுக் கிளம்பினால், போய்ச் செய்கிற வேலை தவளை அறுத்த தட்டைக் கழுவுவதும், செத்த பாம்பு மிதக்கிற ஜாடியைத் துடைப்பதும்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுத்தான் விளக்குப் பக்கம் போவேன். சாமி ஏன் என்னை இந்த வேலையில் கொண்டுவந்து வைத்தார் என்று பல நாள் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தது. ரெண்டு பெண் பிள்ளைகள். அதனால் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மேடம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவருக்கு ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. கொரட்டூரில் ஒரு ஃபிளாட்டில் மேடமும் அவர் கணவரும், அதே ஊர்ப்பக்கத்து மாமியாரும் இருந்தார்கள். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி முழுக்க நத்தை. சின்னதாக மழை பெய்தால்கூட, "அண்ணே, சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் போறீங்களா?" என்று கேட்பார். நானும் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு போய், வேலியோரத்திலும் முருங்கை மரத்தடியிலும் தேடிப் பொறுக்கி வருவேன். பிள்ளைகள் அவருக்கு நத்தை மேடம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். எங்கள் ஸ்டோர் கீப்பருக்கோ என்னைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"இன்னா அண்ணாத்தே, பை நெறைய தூக்கினு வர்ற? ஊட்டுல கொழம்பா?"

"யோவ், வெள்ளிக்கெழமை அதுவுமா இன்னா பேச்சு பேசுற?"

"அப்போ சனிக்கெழமைக்கா? சொல்லு, நானும் வந்துடறேன்."

மேடம் அதைக் கேட்டால் சிரித்துவிட்டு, "அவரை விடுங்க, பாவம்" என்பார்.

பின்பக்க வராந்தாவில் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் மண் நிரப்பி, மேலே கொசுவலைத் துணி கட்டி, உள்ளே நத்தைகளை விட்டிருந்தார். முட்டைக்கோஸ் இலை, வெள்ளரித் துண்டு, ஓடு கெட்டியாவதற்குப் பொடித்த முட்டை ஓடு எல்லாம் போடுவோம். மண் காயக் கூடாது. காய்ந்தால் நத்தை ஓட்டின் வாயை மூடிக்கொண்டு தூங்கப் போய்விடும். அதனால் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். தினமும் அதிலிருந்து அள்ளித் தெளிப்பது மேடம்தான். அதை மட்டும் யாரிடமும் விடமாட்டார்.

இந்த நத்தையில் என்னதான் பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இந்த நத்தையில் ஆண் வேறு பெண் வேறு கிடையாதாம். ஒரே உடம்புக்குள்ளே, ஒரே பைக்குள்ளே முட்டை ஆகிற அணுவும் இருக்கும், விந்து ஆகிற அணுவும் இருக்கும். எப்போது எது வளர வேண்டும் என்பதைத் தலைப்பக்கத்திலிருந்து வருகிற சேதிதான் முடிவு செய்யும். அந்தச் சேதி ரத்தத்தில் கலந்து போகும். அதற்குப் பேர் ஹார்மோன். கண் இருக்கிற அந்த நீளக் கொம்பிலிருந்தும் ஒரு சேதி போகிறது. கொம்பை எடுத்துவிட்டால் முட்டையணுக்கள் மளமளவென்று வளரும். எடுத்த கொம்பை அரைத்து அந்தச் சாற்றை ஊசியில் போட்டால் முட்டையணு அடங்கி, விந்தணு பெருகும். இது நம் ஊர் நத்தையில் எப்படி நடக்கிறது, எந்தக் காலத்தில் நடக்கிறது என்றுதான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "அர்த்தநாரீஸ்வரர் மாதிரின்னு சொல்லுங்க மேடம்" என்றேன். "சாமியை ஏன் அண்ணே நத்தைக்குள்ள இழுக்குறீங்க?" என்று சிரித்தார். ஆனால் அன்றைக்கு மைக்ராஸ்கோப்பைத் திருப்பி என்னையும் பார்க்க வைத்தார். ஊதா நிறத்தில் பெரிய பெரிய உருண்டைகள், அவற்றைச் சுற்றி மெல்லிய முடிக்கற்றைகள். உருண்டை முட்டையணு, முடி விந்தணு. எனக்கு ஏனோ கைகூப்பத் தோன்றியது. பக்கத்தில் ஸ்டோர் கீப்பர் நின்றதால் கூப்பவில்லை.

பார்க்க அழகாக இருந்ததென்றாலும் கொம்பை வெட்டுகிற நாள் எனக்கு ஆகவே ஆகாது. நத்தையை முதலில் ஐஸில் வைத்து மரத்துப்போகச் செய்வார். பிறகு சின்னக் கத்திரிக்கோலால் ஒரு நொடியில் எடுத்துவிடுவார். தட்டைப் பிடித்துக்கொள்வது என் வேலை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், வாய் தானாக முருகா முருகா என்று சொல்லும். "திரும்ப முளைச்சிடும் அண்ணே" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். முளைத்தும் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் வாயில்லாத ஜீவனின் கண்ணல்லவா. வெள்ளிக்கிழமையில் மட்டும் வேண்டாம் மேடம் என்று கேட்டுக்கொண்டேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் கத்திரிக்கோலை எடுத்ததில்லை.

மேடத்துக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. துறையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். சில நாட்களில் காலையில் ஊசி போட்டுக்கொண்டு நேராக வருவார். முகம் உப்பியிருக்கும், நாற்காலியில் உட்காரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காருவார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நத்தைக்கு ஊசி போட ஆரம்பிப்பார். ஒரு நாள் அப்படிப் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "எனக்கு ஊசி போட்டுட்டு, முட்டை எத்தனை வளர்ந்திருக்குன்னு அங்க ஒருத்தர் எண்ணிக்கிட்டிருக்காரு அண்ணே. இங்க வந்து இதுக்கு ஊசி போட்டுட்டு நான் எண்ணிக்கிட்டிருக்கேன்." டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வாங்கி வரச் சொன்னார். குடித்துவிட்டு மீதி நத்தைகளுக்கும் ஊசி போட்டு முடித்தார்.

மாமியாரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. மருமகளுக்கு உடம்பு முடியாத நாளில் மதியச் சாப்பாட்டைத் தானே கட்டி எடுத்துக்கொண்டு, கொரட்டூரிலிருந்து பஸ் ஏறி வருவார். எனக்கும் ஒரு டப்பாவில் குழம்பு தனியாக இருக்கும். ஆனால் பின்பக்க வராந்தாவுக்கு மட்டும் வரமாட்டார். வலைத் துணிக்குள் கொம்பில்லாத நத்தைகள் ஊர்வதை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனவர். வீட்டில் பிள்ளை இல்லாததற்கு அவருக்கு அன்றைக்கே காரணம் கிடைத்துவிட்டது.

"ஐயா, நீங்களாவது அவகிட்ட எடுத்துச் சொல்லப்படாதா?" என்று ஒரு நாள் படிக்கட்டில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். "வாயில்லாத சீவன் கண்ணைப் பிடுங்குதாளே. அதுக்க வயித்துல இருக்க முட்டைய நோண்டி நோண்டிப் பாக்குதாளே. பின்ன எங்க வீட்டுல எப்படிய்யா பிள்ளை தங்கும்? எத்தனை டாக்டரைப் பாத்து என்ன செய்ய?"

"மேடம் படிப்புக்காகத்தானே பெரியம்மா பண்றாங்க..."

"பாவத்துக்குப் படிப்பு தெரியுமாய்யா?"

பெரியம்மா சொன்னது தப்பென்று என் மனசு சொல்லவில்லை. நானும் அப்படி வளர்ந்தவன்தான். என் பெண்களுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தால்கூட, அந்த வாரம் எத்தனை நத்தை பிடித்தோம் என்று நினைத்துக்கொள்கிறவன். அந்த வெள்ளிக்கிழமை மாங்காட்டுக்குப் போய், அம்மன் காலடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை வாங்கி வந்து மேடத்திடம் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு கைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று எனக்குத் தெரியும். பெரியம்மா சொன்னதையும் சொன்னேன். மேடத்துக்குக் கோபம் வரவில்லை, அலுப்புத்தான் தெரிந்தது. "வீட்டுல தினமும் இதுதான் அண்ணே. சொந்தக்காரங்க யார் வந்தாலும் அத்தை இதைத்தான் சொல்றாங்க. கண்ணு போனா நத்தைக்கு முட்டை கூடத்தான் செய்யுது. அதை எப்படி அவங்ககிட்ட சொல்ல?" என்றார். அந்த மழைக்காலத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்த கெடு முடிகிறது. அதற்குள் முடிக்க வேண்டும், அதுவரைக்கும் காதை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன் என்றார்.

ஆயுத பூஜை வந்தது. அம்பத்தூர்ப் பக்கம் ஆயுத பூஜை என்றால் லேத் பட்டறையிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் வாழைக்கன்றும் தோரணமும்தான். எங்கள் துறையிலும் லீவு விடுவதற்கு முந்தின நாள் பூஜை போடுவோம். மைக்ராஸ்கோப், தராசு, கத்திரிக்கோல், ஊசி, கேஸ் பர்னர் எல்லாவற்றையும் துடைத்து மேஜையில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சுற்றிவிடுவோம். பூஜையில் வைத்த பொருளை அதற்கப்புறம் யாரும் தொடக் கூடாது. லீவு முடிந்து வந்துதான் எடுக்க வேண்டும். அதனால் மேடம் பூஜைக்கு முந்தின நாளே நத்தைகளுக்குக் கடைசி ஊசியைப் போட்டு முடித்திருந்தார். லீவு முடிந்ததும் நத்தைகளைத் திறந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்கு மேடத்தின் முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. வீட்டுக்காரர்களையும் கூப்பிடலாம் என்பதால் பெரியம்மா பெரிய தூக்குச்சட்டி நிறையச் சுண்டலோடு வந்திருந்தார்.

பூஜை முடிந்து நானும் ஸ்டோர் கீப்பரும் வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டோம். பூசணிக்காய் வழுக்கி அவர் கால்விரலில் விழுந்து, பிள்ளைகள் எல்லாம் ஓவென்று சிரித்து ஒரே அமர்க்களம். அந்த நேரத்தில் உள்ளே பெரியம்மா மருமகளை நிற்கவைத்துத் திருஷ்டி சுற்றியிருக்கிறார். முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த கல்லுப்பும் வரமிளகாயும் கை நிறைய. சுற்றி முடித்ததும், வகுப்புப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள் என்று மேடம் நகர்ந்துவிட்டார். சுற்றிய உப்பை நெருப்பில்தான் போட வேண்டும். வீட்டில் என்றால் அடுப்பு இருக்கும். இங்கே இருந்த ஒரே அடுப்பு அந்த பர்னர். அது சந்தனம் பூசிக்கொண்டு பூஜையில் உட்கார்ந்திருக்கிறது, பற்றவைக்கக் கூடாது. தரையிலும் போடக் கூடாது, மிதிபட்டுவிடும். நெருப்பில்லாத இடத்தில் தண்ணீரில் கரைத்துவிடுவதும் வழக்கம்தான். பெரியம்மா தண்ணீரைத் தேடியிருக்கிறார். தேடிக்கொண்டு, அந்த ஒரு தடவைக்குப் பிறகு தான் எட்டிக்கூடப் பார்க்காத பின்பக்க வராந்தாவுக்கே போயிருக்கிறார். தொட்டிகளுக்குப் பக்கத்தில் பாதி வாளித் தண்ணீர் இருந்திருக்கிறது. அவ்வளவையும் அதில் போட்டுக் கையை உதறிவிட்டு வந்துவிட்டார். அந்த வாளி எதற்கென்று அவருக்கு எப்படித் தெரியும்?

கிளம்புகிற நேரத்தில், மாலை மங்கிய வெளிச்சத்தில், லீவு நாட்களுக்கும் சேர்த்து மண் ஈரமாக இருக்கட்டும் என்று மேடம் ஒவ்வொரு தொட்டியாக நிறையவே தெளித்தார். நான் வலைத் துணியை இழுத்துக் கட்டப் போனேன். முதல் தொட்டியில் சோப்பு நுரை மாதிரி என்னவோ பொங்கிக்கொண்டிருந்தது. நத்தைகள் ஓட்டுக்குள் போவதும், முடியாமல் வெளியே வருவதும், புரளுவதுமாக இருந்தன. "மேடம்" என்றேன். அவர் பார்த்தார். வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். பிறகு கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவினார். கையில் வந்தது வரமிளகாய். தண்ணீரில் ஊறிப்போய், காம்போடு.

அந்த முகத்தை என்னால் எழுத முடியாது. மிளகாயைப் பார்த்தார், உள்ளே சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்தார். மிளகாயைக் கைக்குள் மூடிக்கொண்டார். வாளியைக் கவிழ்த்துவிட்டு, "அண்ணே, குழாய்த் தண்ணி, சீக்கிரம்" என்றார். இரண்டு பேரும் ஒவ்வொரு நத்தையாக எடுத்துக் கழுவினோம். கழுவக் கழுவ நுரை வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் பெரியம்மா எங்களைத் தேடிக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றார்.

"ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா அந்தச் சனியனையே கழுவிட்டிருக்கியே, என்னட்டி அது நுரை?"

மேடம் தலை நிமிரவில்லை. "தெரியல அத்தை. செத்துட்டிருக்கு."

பெரியம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். "பாத்தியா? நான் சொன்னேம்லா? சரசுவதி பூசையும் அதுவுமா சாமியே காட்டிட்டுது பாத்தியா! அம்புட்டையும் ஒரே நேரத்துல வாரிட்டுப் போவுது. இனியாவது இத விட்டுருட்டி. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

நான் வாயைத் திறந்தேன். மேடம் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். ஐஸில் வைத்த நத்தை மாதிரி என் நாக்கு மரத்துப்போயிற்று. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். அந்தக் கையில் இன்னும் உப்புத் தூள் ஒட்டியிருந்திருக்கும்.

லீவு முடிந்து வந்தபோது அநேகமாக எல்லாமே செத்துக் கிடந்தன. பிழைத்த ஒன்றிரண்டும் ஆராய்ச்சிக்கு ஆகாது, உப்பு பட்டது கணக்கில் சேராது என்றார். நான் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. "மேடம், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அவங்க பண்ணதுக்கு நீங்க பழி சுமக்கணுமா? சாமி காட்டுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்களே" என்றேன்.

தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "அத்தை இதையெல்லாம் உண்மையா நம்புறவங்க அண்ணே. இத்தனை உயிரைத் தன் கையாலே கொன்னுட்டோம்னு தெரிஞ்சா, பேரப்பிள்ளை இல்லாமப் போனதே தன்னாலதான்னு நினைச்சிடுவாங்க. அப்புறம் சாப்பிட மாட்டாங்க, தூங்க மாட்டாங்க. எனக்கு இந்தப் பாவ புண்ணியத்துல நம்பிக்கை இல்ல. அதனால என் மேல கிடந்தா எனக்கு அது வெறும் பேச்சு. அவங்க மேல விழுந்தா அவங்களால எழுந்திருக்க முடியாது. இது என்கிட்டயே இருக்கட்டும். நீங்களும் சொல்லாதீங்க."

வெறும் பேச்சு என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு, கழுவிய தொட்டியையே மறுபடியும் தேய்த்தார்.

அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. முதல் மழை ராத்திரி விட்டு, விடியற்காலையில் தூறிக்கொண்டிருந்தது. பையை எடுத்தேன். என் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாய்யா, அதான் எல்லாம் செத்துப் பூட்ச்சே. மறுபடியும் எதுக்கு? ரெண்டு பொண்ணு வச்சிகினு கீறோம். அந்தப் பாவத்துல நம்மளுக்கும் பங்கு வாணாம்."

"அவுங்களே கேக்கலடி. நானா தான் போறேன்."

"அதுக்குத்தான் சொல்றேன். கேக்காத வேலைக்கு எதுக்குப் போற?"

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. போய்க் குளித்தேன், விபூதி பூசினேன், சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போனேன். செருப்பில் சேறு அப்பியது, முள் கிழித்தது. பை கனக்கிற வரைக்கும் பொறுக்கினேன். மேடம் கல்லூரிக்கு வந்தபோது தொட்டிகளில் புது மண்ணும் புது நத்தைகளும் இருந்தன. அவர் கைப்பையைக் கீழே வைத்தார். விரலை நனைத்துக்கொண்டு ஒரு தொட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் அழுது நான் பார்த்தது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். கெடு முடிவதற்குள் முடித்தும்விட்டார். டாக்டர் பட்டம் வந்தது, பேருக்கு முன்னால் போட்டுக்கொள்ள இரண்டு எழுத்து கூடியது. வைத்தியத்தை மட்டும் கொஞ்ச நாளில் நிறுத்திக்கொண்டார். உடம்பு போதும் என்கிறது அண்ணே என்றார். குழந்தை வரவில்லை. பெரியம்மாவுக்குச் சொல்வதற்கு இருந்த கதை இன்னும் கெட்டியாகிவிட்டது. சாமி காட்டியும் கேட்கவில்லை, திரும்பவும் கண்ணைப் பிடுங்கினாள், அதுதான். கல்யாண வீட்டில், காதுகுத்தில், ஃபிளாட் மாடிப்படியில், எங்கே யார் கிடைத்தாலும் அதே கதை. மேடம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். என் பெண்கள் இரண்டு பேரும் நல்லபடியாகக் கல்யாணமாகிப் போனார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மேடத்தின் முகம் வரும். இது என்ன நியாயம் தாயே என்று கேட்பேன். அதற்கும் பதில் வரவில்லை.

போன மாதம் கொரட்டூருக்குப் போயிருந்தேன். நான் ரிட்டயராகி வருஷங்கள் ஆகிவிட்டன, மேடமும் ரிட்டயராகிவிட்டார். மேடத்தின் கணவர் காலமாகிவிட்டார். அந்த ஃபிளாட்டில் இப்போது மாமியாரும் மருமகளும் மட்டும்தான். லிஃப்ட் வேலை செய்யவில்லை, நின்று நின்று மாடி ஏறினேன். மேடத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பெரியம்மா கட்டிலோடு கிடக்கிறார். மேடம் அவரைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்து, ஸ்பூனால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லையாம். கொஞ்ச நாளாக ராத்திரியெல்லாம் பிதற்றல். இந்த வீட்டில் யாருமில்லை, யாருமில்லை என்று.

பெரியம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அதுவே எனக்கு ஆச்சரியம்.

"காலேஜுக்காரய்யாவா? வாங்கய்யா." மூச்சு வாங்கியது. "பாத்தீகளா? ஒரு பிள்ளை ஓடியாடுதா இந்த வீட்டுல? இவ அந்தச் சோலிய விட்டிருந்தா... இவ பாவம், எம் மவன் குடும்பம் தழைக்கல. எனக்குக் கொள்ளி வைக்கப் பேரன் இல்ல."

மேடம் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். "கஞ்சி ஆறுது அத்தை. வாயைத் திறங்க."

பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷமும் நான் அடக்கி வைத்திருந்தது அப்போது மேலே வந்தது. உப்பு, மிளகாய், வாளி, எல்லாம் நாக்கு நுனியில். மேடம் அன்றைக்குப் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று. ஆனால் சும்மா இருக்கவும் என்னால் முடியவில்லை.

ஸ்டூலைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பெரியம்மா, இங்க பாருங்க. அந்த நத்தையெல்லாம் புடிச்சாந்தது யாரு? நான்தான். செத்ததுக்கப்புறம் மேடம் கேக்கவேயில்ல, நானாவே போய்த் திரும்பப் புடிச்சாந்தேன். தட்டைப் புடிச்சதும் நான்தான். பாவம்னு ஒண்ணு இருந்தா அது எனக்குத்தான். மேடத்துக்கு இல்ல."

மேடம் "அண்ணே" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு இது வெறும் பேச்சாக இருந்திருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. நான் நம்புகிறவன். என் பெண்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் கண்முன் வந்து போனார்கள். இருந்தாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

பெரியம்மா சுவரிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினார். கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனார்.

"அப்ப இவளுக்கு இல்லையா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது.

"இல்ல பெரியம்மா. இவுங்களுக்கு ஒண்ணுமில்ல."

பெரியம்மா தலையை மெதுவாகத் திருப்பி மருமகளைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மேடம் கொடுத்த கஞ்சியை விழுங்கிவிட்டு, திரும்பவும் திறந்தார்.